என்னிடம் கேட்கப்பட்ட மன்னிப்பு

மார்ச் 3, திங்கள்

பதினோரு நாள் ஆலோசனைக்குப் பிறகு இன்று காலை ஒரு முடிவுக்கு வந்தேன். மூக்குக்கண்ணாடியை இனிச் சட்டைப்பையில் வைப்பதில்லை. கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிடுவது. இரு தரப்பு வாதங்களும் கேட்கப்பட்டன. இரு தரப்பும் நான்தான். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. இந்த வீட்டின் இன்னொரு குடிமகளான உனைசிக்கு முறைப்படி அறிவித்தேன்.

"கயிறு கட்டினா கன்னுக்குட்டி மாதிரி இருப்பீங்கப்பா," என்றாள். "ஆனா தொலைஞ்சா தேட வேண்டாம். கட்டிக்குங்க."

சொல்லிவிட்டு பாலர் பள்ளிக்குப் போனாள். இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு அவள் டீச்சர். வயது இருபத்துமூன்று. அவள் அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. வீட்டில் சிரிப்பது இவள் ஒருத்திதான்.

சாயங்காலம் உனைசிக்குக் கோயிலில் பாட்டு ஒத்திகை. தீவுச் சபைகளின் ஈஸ்டர் போட்டிக்கு இன்னும் ஏழு வாரம். குழுவை நடத்துபவன் செமெசா, ஊர்த் தலைவரின் தம்பி மகன். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். கணக்கில் சுமார். குரல் நல்ல குரல்.

மார்ச் 7, வெள்ளி

ஒத்திகையிலிருந்து வந்ததும் உனைசி துணி துவைத்தாள். மழை கொட்டுகிறது. மழை நாளில் துணி துவைக்கும் முதல் டீச்சர் நீதான் என்றேன். நிமிராமல் அதே துணியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என் நகைச்சுவை எல்லா நாளும் எடுபடுவதில்லை.

மார்ச் 9, ஞாயிறு

உனைசி கோயிலுக்கு வரவில்லை. தலைவலி என்றாள். ஆராதனை முடிந்து வந்தபோது என் அக்கா தாருசிலாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

மார்ச் 10, திங்கள்

முதல் பஸ்ஸில் தாருசிலா வந்து இறங்கினாள். பட்டணத்தில் விடுதிப் பள்ளியின் சமையற்காரி. முந்நூறு பிள்ளைகளை அதட்டிய தொண்டை. வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"கண்ணாடியக் கழுத்துல மாட்டியிருக்கியே, ஏதாவது தெரிஞ்சுதா?"

"என்ன தெரியணும்?"

"வெள்ளிக்கிழமைலேருந்து அந்தப் புள்ள ஒரு வாய் சாப்பிடல. அது தெரிஞ்சுதா?"

பிறகு மரவள்ளித் தோட்டத்துப் பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னாள். கோயிலுக்குப் பின்னால் பாட்டுப் புத்தகங்கள் வைக்கும் அறை. மற்றவர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு, புத்தகம் எடுத்துத் தரச் சொல்லி இவளை மட்டும் நிறுத்தியிருக்கிறான். செமெசா. மீதியை நான் எழுத மாட்டேன்.

மூன்று நாளைக்குள் டாக்டர் பார்ப்பது நல்லதாம். ஒன்பது மணி பஸ்ஸில் இருவரும் கிளம்பினார்கள். நானும் சட்டை மாற்றிக்கொண்டு வந்தேன்.

"நீ வேண்டாம்டா," என்றாள் தாருசிலா, கொஞ்சம் மெதுவாக. "அவதான் சொன்னா."

பகல் பூராவும் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் தாருசிலா போன் செய்தாள். பெண்கள் உதவி மையத்திலிருந்து மகெரெதா என்பவள் ஆஸ்பத்திரிக்கு வந்து கூடவே இருந்தாளாம்.

"ஒவ்வொண்ணுக்கும் கேட்டாங்கடா. இந்தச் சட்டைய எடுத்துக்கலாமா, இங்க பாக்கலாமா, கதவ சாத்தலாமா, அத்தை உள்ள இருக்கலாமா. வேண்டாம்னா நிறுத்திடறோம்னாங்க. அறுபத்தெட்டு வயசாச்சு, என்னை ஒருத்தரும் இத்தன தடவ கேட்டதில்ல."

போனிலேயே அழுதாள். தாருசிலா அழுது நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

மார்ச் 11

எழுத ஒன்றுமில்லை. அதாவது —

மழை நாளில் துணி துவைக்கும் முதல் டீச்சர். நான் சொன்னேன் அதை. நானேதான் சொன்னேன்.

மார்ச் 13, வியாழன்

உனைசி திரும்பி வந்தாள். போலீஸில் ஒரு பெண் அதிகாரி வாக்குமூலம் எழுதிக்கொண்டாராம். மகெரெதாவும் கூட வந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். பெரிய கைப்பை, தேய்ந்த செருப்பு. கல்வி அதிகாரி வந்தால் உட்கார வைக்கும் நாற்காலியைக் கொடுத்தேன். அதில் பையை வைத்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தாள்.

எனக்குத் தெரிந்த ஒரே வழியில் கேட்டேன் — வரிசையாக, பரீட்சை போல.

"துணியைத் துவைச்சிட்டாளே. கேஸ் நிக்குமா?"

"நிக்கும் மாஸ்டர். அவ சொல்றதே சாட்சி. வேற யாராவது பாத்திருக்கணும்னு சட்டத்துல இல்ல."

"கோர்ட்டுல பழைய கதையெல்லாம் கிளறுவாங்களே?"

"நீதிபதி விட்டாத்தான். சும்மா கேக்க முடியாது. அவன் மூஞ்சியப் பாத்துப் பேச வேண்டாம்னா திரை போடச் சொல்லலாம். பக்கத்துல ஒரு ஆள் உக்காரலாம். பேர் பேப்பர்ல வரக் கூடாதுன்னு கேக்கலாம்."

இந்த நாட்டுச் சட்டங்களில் எனக்குப் பெரிய மதிப்பு இருந்ததில்லை. ஆனால் இதை எழுதியவர் யாரோ, தன் வீட்டில் ஒருத்தியை நினைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்.

போகும்போது மகெரெதா வாசலில் நின்றாள்.

"ஊர்லேருந்து வருவாங்க, மாஸ்டர். மன்னிப்புக் கேக்கத் திமிங்கிலப் பல்லை எடுத்துக்கிட்டு. என்ன செய்வீங்க?"

"நான் படிச்சவம்மா," என்றேன்.

மார்ச் 15, சனி

வந்தார்கள்.

ஆறு பேர். முன்னால் இனோகே. தலைவர் வீட்டுக்காக ஊரில் பேசுபவன்; எனக்கு மச்சான் முறை. முப்பது வருடமாக எங்கே பார்த்தாலும் என் வழுக்கையைப் பற்றி அவனும், அவன் தொப்பையைப் பற்றி நானும் பேசாமல் விட்டதில்லை; மச்சான்கள் அப்படித்தான் பேசியாக வேண்டும். இன்று ஒன்றும் பேசாமல் வந்து, வாசற்படிக்குக் கீழே தலை கவிழ்ந்து உட்கார்ந்தான். அவனுக்குப் பின்னால் செமெசாவின் அப்பா. செமெசா வரவில்லை. ஒத்திகை இருந்ததாம்.

பல்லை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு இனோகே பேசினான். நல்ல திமிங்கிலப் பல். பழையது, தேன் நிறம், தடித்த கயிறு. பேச்சு பத்தொன்பது நிமிடம். பள்ளியில் நாற்பது வருடம் பேச்சுப் போட்டிக்கு நடுவராக இருந்தவனுக்கு எண்ணாமல் இருக்க முடியாது. மண் என்ற சொல் ஏழு தடவை வந்தது. சபை ஐந்து தடவை. என் பெயர் பதினொரு தடவை. ஈஸ்டர் போட்டி ஒரு தடவை. உனைசியின் பெயர் வரவில்லை. நடந்தது என்ன என்பதும் வரவில்லை. "மூடிய மேகம்" என்று மட்டும் வந்தது.

பிறகு பல் என்னை நோக்கி நீண்டது.

என் கை நீண்டது.

பள்ளித் திறப்பு, கல்யாணம், சாவு — எத்தனை பல்லை வாங்கியிருக்கிறேன். நீட்டினால் வாங்க வேண்டும். தும்மல் போல அது வந்துவிடும் என்று எழுதலாம் என்று இருந்தேன். அது பொய். தலைவர் வீட்டார் இதுவரை என் வாசலில் உட்கார்ந்ததில்லை. என் அப்பா அவர்கள் தோட்டத்தில் கிழங்கு தோண்டியவர். அவர்கள் தலை குனிந்து கீழே, நான் மேலே. ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதித்தான் ஆக வேண்டும். சந்தோஷமாக இருந்தது.

வாங்கினேன். ஏற்றுக்கொண்டேன் என்று சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். முடிந்தது என்று அர்த்தம்.

விருந்தாளிகளுக்கு டீ வேண்டுமே. அடுக்களையிலிருந்து தட்டை உனைசிதான் கொண்டுவந்தாள். டீயும், மாவைப் பொரித்துத் தேங்காய்ப்பாலில் போட்டதும். குனிந்து ஒவ்வொருவருக்கும் கொடுத்தாள். செமெசாவின் அப்பா, "சக்கரை தூக்கலா இருக்கும்மா, நல்லா இருக்கு," என்றார்.

போன பிறகு கோப்பைகளைக் கழுவினாள். துடைத்து அடுக்கினாள். என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, அவங்க யாருகிட்ட மன்னிப்புக் கேட்டாங்க?"

"என்கிட்ட."

"உங்கள அவன் என்ன பண்ணினான்?"

மார்ச் 16, ஞாயிறு

போதகர் சமாதானத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். செமெசா பாட்டை நடத்தினான். முதல் வரிசையில் உனைசி நிற்கும் இடத்துக்கு ஒருத்தி நகர்ந்து நின்றிருந்தாள். வரிசை சரியாகவே இருந்தது.

மார்ச் 17, திங்கள்

பஸ்ஸுக்குப் போய்விட்டாள். ஒரு பெட்டி, பாய் ஒன்று. தாருசிலாவோடு இருப்பாளாம். "எனக்கு உங்க மேல கோபம் இல்லப்பா," என்றாள். கோபப்பட்டிருக்கலாம்.

மார்ச் 20, வியாழன்

ஒரு கான்ஸ்டபிள் வந்தார். இளைஞர். வழுக்கிக்கொண்டு போகாதபடி ஒவ்வொரு வார்த்தையையும் பிடித்துப் பிடித்துப் பேசினார்.

"மாஸ்டர், வீட்டோட முடிஞ்சுதுன்னு கேள்விப்பட்டேன். மேலேயும் சந்தோஷப்படுவாங்க. புகாரத் திருப்பி வாங்கிக்கிறதா ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா..."

"புகார் என்னோடது இல்ல."

"அப்பாதானே நீங்க?"

"பல் வாங்கினது அப்பா. புகார் குடுத்தது அவ."

தாருசிலாவுக்குச் சொன்னேன். அவள் மகெரெதாவுக்குச் சொன்னாள். மகெரெதா நிலையத்தின் மேலதிகாரிக்கு என்ன சொன்னாளோ, கான்ஸ்டபிள் அப்புறம் வரவில்லை. இந்த மாதிரிப் புகாரை யார் சமாதானம் ஆனாலும் போலீஸ் மூட முடியாதாம், விதியே இருக்கிறதாம். விதி இருப்பதை ஊரில் யாரும் அறிந்திருக்கவில்லை. மூடலாம் என்பதை எல்லோரும் அறிந்திருந்தார்கள்.

மார்ச் 24, திங்கள்

செமெசாவைக் கைது செய்து பட்டணத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மத்தியானம் இனோகே ஒரு காகிதத்தோடு வந்தான். ஜாமீன் கேட்டு நீதிமன்றத்துக்குக் கொடுக்க வேண்டியது. இரு குடும்பமும் ராசியாகிவிட்டதாக நான் கையெழுத்துப் போட வேண்டும்.

"அப்படியே இங்கிலீஷையும் கொஞ்சம் பாத்துக் குடு மச்சான். ஊர்லயே உன் இங்கிலீஷ்தான் நல்ல இங்கிலீஷ்."

ஆக, என் மகளுக்கு அதைச் செய்தவனை வெளியே விடச் சொல்லும் மனுவைத் திருத்தும் கௌரவம் எனக்கு அளிக்கப்பட்டது. நான் திருத்த ஆரம்பித்தேன் என்பதுதான் எழுத வேண்டிய விஷயம். நாற்பது வருடப் பழக்கம். சிவப்புப் பேனாவைத் திறந்தேன். முதல் பத்தியில் இரண்டு வாக்கியத்தைச் சேர்த்தேன். ஒன்றை வெட்டினேன். இரண்டாம் பத்தியில் "இளைஞர்களுக்கு இடையே எழுந்த சிறு மனத்தாங்கல்" என்று இருந்தது.

பேனா நின்றது. பிள்ளைகளிடம் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன்: நடந்ததற்கு உரிய சொல்லைப் போடு, பக்கத்து வீட்டுச் சொல்லைப் போடாதே. அடித்துவிட்டு மேலே எழுதினேன்: வன்புணர்வு. இந்தப் பதினேழு நாளில் அந்தச் சொல்லை நான் எழுதுவது அதுதான் முதல் தடவை. காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

இனோகே வாசித்தான். இன்னொரு தடவை வாசித்தான்.

"இதப் போட்டா ஜாமீன் எப்படி மச்சான் கிடைக்கும்?"

"கிடைக்காது."

"கையெழுத்து?"

"இந்தச் சொல்லோட போட்டா போடறேன்."

காகிதத்தை நாலாக மடித்துக்கொண்டு போனான்.

மார்ச் 25, செவ்வாய்

தூங்கவில்லை. காலையில் பல்லைத் தலையணை உறையில் சுற்றி, பழைய பள்ளிப் பையில் போட்டுக்கொண்டு செமெசாவின் அப்பா வீட்டுக்கு நடந்தேன். இருநூற்றுப் பத்து அடி. வழியில் என்னிடம் படித்த ஏழு பேர் பார்த்தார்கள்.

பாயில் வைத்தேன். அவர் நெடுநேரம் அதைப் பார்த்தார்.

"குடுத்தத யாரும் திருப்பினது இல்ல மாஸ்டர். எங்க தாத்தா காலத்துலேயும் இல்ல."

"இது எனக்கு வந்தது இல்ல. வாங்கியிருக்கக் கூடாது. எடுத்துக்குங்க."

"எடுக்க மாட்டேன்."

"அப்ப இங்கேயே கிடக்கட்டும்."

மார்ச் 26, புதன்

பெருமையாகத்தான் போன் செய்தேன். ஒளிப்பானேன்? மகள் அழுவாள், "அப்பா" என்பாள் என்று நினைத்தேன்.

கேட்டுக்கொண்டாள். பின்னால் தாருசிலாவின் சமையலறைச் சத்தம்.

"திருப்பிக் குடுக்கப் போறேன்னு என்கிட்ட சொன்னீங்களாப்பா?"

"உனக்காகத்தாம்மா..."

"வாங்கினப்பவும் கேக்கல. குடுத்தப்பவும் கேக்கல. இப்ப ஊர் பூரா என்னைத்தான் பேசும். எந்த நாள்ல என்ன நடக்கும்னு மகெரெதா அக்காவோட உக்காந்து யோசிச்சு வச்சிருந்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"தப்புதாம்மா."

"சரிப்பா. மருந்து சாப்பிடுங்க."

ஏப்ரல் 20, ஈஸ்டர்

பாட்டுப் போட்டியில் நம் ஊருக்கு இரண்டாம் பரிசு. செமெசா என் கையெழுத்து இல்லாமலே ஜாமீனில் வந்து வேறு தீவில் மாமன் வீட்டில் இருக்கிறான். ஊருக்குள் வரக் கூடாது, அவளை நெருங்கக் கூடாது என்று நிபந்தனை. இரண்டாம் பரிசுக்கு உனைசிதான் காரணம் என்று கோயில் வாசலில் ஒரு அம்மா சொன்னாள். நான் கேட்கும்படியாகவே சொன்னாள்.

ஜூன் 6

ஊர்க் குழுவின் செயலாளர் பதவியிலிருந்து எனக்கு ஓய்வு அளிக்கப்பட்டது. நன்றித் தீர்மானத்தில் மூன்று பிழை. யாரும் திருத்தச் சொல்லவில்லை.

ஜூன் 19

கிழங்கு நட ஆள் வரவில்லை. தனியாக நட்டேன். கடைக்குப் போகும் வழியில் இனோகே எதிரே வந்தான். வழுக்கையைப் பற்றி ஏதாவது சொல்வான் என்று நின்றேன்.

"காலை வணக்கம், ஐயா," என்றான்.

முப்பது வருடத்தில் முதல் மரியாதை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

செப்டம்பர் 2

மகெரெதாவிடம் போனில் கேட்டேன்: நான் என்ன செய்யட்டும்?

"அவளக் கேளுங்க மாஸ்டர்."

கேட்டேன். நான் பட்டணத்துக்கு வரலாமா?

"இப்ப வேண்டாம்பா."

போகவில்லை.

பிப்ரவரி 9

விசாரணை மூன்றாம் தடவையாகத் தள்ளிவைக்கப்பட்டது. ஒவ்வொரு தடவையும் அவள் ஒரு வாரம் தூங்காமல் தயாராகிறாளாம். தாருசிலா சொன்னாள்: "சோறு வடிக்கிற மாதிரி கேஸையும் வடிக்கிறாங்கடா. கஞ்சி எல்லாம் இவ மேல."

மே 12, செவ்வாய்

இரண்டு நாளாக நீதிமன்றத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நானும் சாட்சி என்பதால் என் முறை வரும்வரை உள்ளே போகக் கூடாது. உனைசி நேற்று முழுவதும் பேசினாள்; திரைக்குப் பின்னால், தாருசிலா பக்கத்தில். கதவுக்கு வெளியே ஒன்றும் கேட்காது. கதவின் மரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு வெளியே வந்தபோது என்னைப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது. தலையை மட்டும் அசைத்தாள்.

இன்று என்னைக் கூப்பிட்டார்கள். அந்தப் பக்கத்து வக்கீல் நல்ல கோட்டு அணிந்தவர்.

"பல்லை உங்கள் கையால் வாங்கினீர்களா?"

"வாங்கினேன்."

"வாங்கினால் நம் வழக்கப்படி என்ன அர்த்தம்?"

"முடிந்தது என்று அர்த்தம்."

"ஆக, முடிந்தது."

"எனக்கு முடிந்தது."

"உங்கள் மகளுக்கு?"

"அவளை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவள் டீ கொடுத்துக்கொண்டிருந்தாள்."

அவர் உட்கார்ந்துவிட்டார். அரசு வழக்கறிஞர் — சின்னப் பெண், உனைசியைவிட நாலைந்து வயது கூட இருப்பாள் — எழுந்தாள்.

"எதற்காக மன்னிப்பு என்று அவர்கள் சொன்னார்களா?"

"பத்தொன்பது நிமிடம் பேசினார்கள் அம்மா. அதை மட்டும் சொல்லவில்லை."

இறங்கும்போது திரையின் பக்கம் பார்த்தேன். அங்கே இன்று யாரும் இல்லை. நாற்காலி மட்டும் இருந்தது.

மே 29

குற்றவாளி.

தாருசிலா போனில் சத்தம் போட்டாள்.

ஜூன் 12

பன்னிரண்டு வருடம். பாதிக்கப்பட்டவளிடம் கேட்காத மன்னிப்புக்காகத் தண்டனையில் ஒரு நாளும் குறைக்க முடியாது என்று நீதிபதி வாசித்தாராம். ஒரு வாக்கியம். திருத்த ஒன்றுமில்லை.

உனைசி வீட்டுக்கு வருவாளா என்று தாருசிலாவைக் கேட்டேன். "தெரியலடா," என்றாள். தாருசிலாவுக்குத் தெரியாதது என்று எதையும் நான் கேள்விப்பட்டதில்லை.

ஜூலை 18, சனி

மழை. கிழங்கு பாதி அழுகிவிட்டது. உனைசி வேறு தீவில் ஒரு பாலர் பள்ளியில் சேர்ந்துவிட்டாள். திங்களன்று கப்பலில் போனாளாம். பள்ளியின் பெயரும் முகவரியும் தாருசிலாவிடம் இருக்கின்றன. உனைசி தரச் சொல்லும்வரை நான் கேட்கப்போவதில்லை.